வாழைத்தாரோடு வந்த விமானி

எங்கள் குடும்பத்தில் வானத்தில் பறந்த முதல் ஆள் என் மச்சான். டிக்கெட் எடுத்து விமானத்தில் போய் வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. அவர்களை அவன் கணக்கில் சேர்ப்பதில்லை. "அது பஸ்ஸு மாமா. ஜன்னல் சீட்ல குந்திகினு தூங்கறவன்லாம் பறந்தவனா?" என்பான். முதுகில் பெட்ரோல் இன்ஜின் வைத்த பெரிய விசிறி ஒன்றைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேல் துணிக்குடையை விரித்துக்கொண்டு, மாமல்லபுரம் கடற்கரை மணலில் ஓடி, காலைத் தரையிலிருந்து எடுத்தவன் அவன்தான். ஓடினான் என்பதுவரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சர்ச்சை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் மனைவிக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது செங்கல்பட்டில் எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடும், தரையில் தங்காத இந்தத் தம்பியும்தான். அதனால் அவளுக்கு ஒரே ஒரு ஆசை. எங்கள் மகளுக்குக் காது குத்தும்போது அவள் தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்த மடி இவனுடையதாக இருக்க வேண்டும்.

கேட்டால் சின்ன ஆசை மாதிரித்தான் இருக்கும். ஒரு தாய்மாமன் செய்ய வேண்டியது, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து மணையில் சம்மணம் போட்டு உட்காருவது. அவ்வளவுதான். ஊரில் எத்தனையோ தாய்மாமன்கள் இதைத் தூக்கக் கலக்கத்திலேயே செய்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். எங்களுக்கு இது நடக்க மூன்று வருடம் பிடித்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். சதுரங்கப்பட்டினத்தில் வீடு, காலையில் ஸ்டாஃப் பஸ், மாலையில் ஸ்டாஃப் பஸ். ஒரு போல்ட்டைத் திருகினாலும் மூன்று தடவை சரிபார்த்தால்தான் எனக்கு நெஞ்சு அடங்கும். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வந்த ஆள். எனக்கு வாய்த்த மச்சான், செருப்பு வார் அறுந்தால் சேஃப்டி பின் குத்திக்கொண்டு வானத்துக்குக் கிளம்புகிறவன். அவன் பறக்க ஆரம்பித்தபோதே சொல்லிவிட்டேன். "எங்க பக்கம் வானத்துல காக்காவ தவிர எதுவும் வரக்கூடாது. நீ வந்தியானா எனக்கு உன்னத் தெரியாது." அவன் சிரித்தான். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடைசிவரை பேச்சு மாறவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவன் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். ஒருநாள் பெரிய பெரிய மூட்டைகளோடு ஒருவர் ஏறினார். கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களைப் பறக்கவைத்துக் கூட்டிவருகிற தொழில் அவருக்கு. மூட்டையை இறக்கிவைக்கப் போன மச்சான் அதோடு திரும்பி வரவில்லை. ஆட்டோவை நாலு நாள் கழித்து நான்தான் போய் எடுத்து வந்தேன். அவன் அங்கேயே குடை விரிக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மணலில் துணியைப் பரப்பி, கயிறு சிக்காமல் பார்த்து, "ஓடு சார், ஓடு சார்" என்று கத்துகிற வேலை. இரண்டு வருடம் கத்திய பிறகு, ஓனர் அவனையும் ஓடச் சொன்னார்.

அந்த முதல் பறப்புக்கு நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். என் மனைவிக்கு ஐந்தாவது மாதம். அவளுடைய பெரியப்பா மகனும் வந்திருந்தார். கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவர், புதிதாக ட்ரோன் வாங்கியிருந்தார். அவரும் எனக்கு மச்சான் முறைதான். குழப்பம் வேண்டாம் என்று ட்ரோன்காரர் என்றே சொல்கிறேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அவருக்கும் அது பெருமைதான்.

மச்சான் முதல் தடவை ஓடியபோது குடை எழாமல் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது. இரண்டாவது தடவை குடை எழுந்தது, இவன் விழுந்தான். மூன்றாவது தடவை இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்தார்கள். என் மனைவி வயிற்றில் கைவைத்துக்கொண்டு, "அய்யோ போய்ட்டான், போய்ட்டான்" என்று கத்தினாள். அவன் கடல் பக்கம் போய், ஒரு திருப்பு திரும்பி, கரையில் நெத்திலி காயப்போட்டிருந்த தார்ப்பாயில் வந்து உட்கார்ந்தான். மொத்தம் ஒரு டீ ஆறுகிற நேரம் இருக்கும். ஒரு வாரத்துக்கு அவனைப் பூனைகள் பின்தொடர்ந்தன.

"லைட் அவுஸு எனக்குக் கீழ இருந்துச்சு மாமா" என்றான், மூச்சு வாங்க.

ட்ரோன்காரர் உடனே தன் செல்லை நீட்டினார். "தென்ன மர ஒசரம்தான் மாப்ள. என் ட்ரோன் மேலருந்து இவனப் பாத்துகினு இருந்துச்சு. பாரு, இவன் மண்டதான் தெரியுது."

"என்னப் பாத்து பயந்து உன் ட்ரோன் மேல போய்ச்சு" என்றான் மச்சான்.

அன்று தொடங்கிய சண்டை. தென்னை மரம் என்றால் நெட்டை ரகமா, குட்டை ரகமா என்று குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகும் இது ஓடியது. மீன்காரம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அந்த அம்மா, "பறந்தானோ இல்லியோ எனக்குத் தெரியாது, என் நெத்திலி மேல வுழுந்தான்" என்று முடித்துவிட்டாள். இதற்கிடையில் மச்சானின் கூட்டாளிகள் செங்கல்பட்டில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். "விண்ணை வென்ற எங்கள் வேங்கையே" என்று எழுதி, பத்தாயிரம் அடி என்றும் போட்டிருந்தார்கள். கழுத்துக்கு மேலே மச்சான், கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு வெள்ளைக்காரப் பைலட்டின் உடம்பு. கையில் வெள்ளைக்காரருடைய கல்யாண மோதிரம்கூட இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவனுக்கு ரகசியமாகக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். மொட்டை போட்ட அன்று நடந்ததில் நான் சிரிக்கவில்லை.

மகளுக்கு ஒரு வயது முடிகிற சமயம், எங்கள் குலசாமி கோயிலில் முடியிறக்கம். செங்கல்பட்டுக்குத் தெற்கே, ஏரிக்கரையில் இருக்கிற சின்னக் கோயில். அதற்கும் தாய்மாமன் மடிதான். காலையில் ஃபோன் செய்து, "பைக்ல ஏறிட்டேன்கா, வந்துகினே கீறேன்" என்றான். பைக்கில்தான் ஏறினான். ஆனால் போகிற வழியில், காற்று நன்றாக இருக்கிறது என்று ஓனர் கூப்பிட, ஒரே ஒரு ரவுண்டு என்று மேலே போயிருக்கிறான். காற்று அவனைக் கொண்டுபோய்க் கடலோரம் ஒரு ரிசார்ட்டின் நீச்சல் குளத்தில் போட்டது. அங்கே குளித்துக்கொண்டிருந்தவர்கள் அவனை வெளியே இழுத்து, துண்டு கொடுத்து, காபி கொடுத்து, வரிசையில் நின்று செல்ஃபி எடுத்திருக்கிறார்கள். இங்கே முடி எடுப்பவர் கத்தியைத் தீட்டித் தீட்டி, அது தேய்ந்தே போயிருக்கும். கடைசியில் குழந்தையை ட்ரோன்காரர் மடியில் வைத்தோம். அவரும் அண்ணன் முறைதானே, தப்பில்லை என்றார்கள். தப்பில்லைதான். என் மனைவி பந்தல் காலுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குளத்துத் தண்ணீரையே அவன் தலையில் கவிழ்த்திருப்பேன், ஆனால் அவன் ஏற்கெனவே நனைந்திருந்தான்.

ஆறு மாதம் அவள் அவனோடு பேசவில்லை. அவன் தினமும் மேலேயிருந்து எடுத்த வீடியோ அனுப்புவான். அவள் பார்ப்பாள், ஆனால் பதில் போட மாட்டாள். பாப்பா மட்டும் செல்லைப் பிடித்துக்கொண்டு, "மாமா மேல, மாமா மேல" என்று சொல்லிப் பழகிக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை மாமா என்பது மேலே இருக்கிற ஒரு பொருள்.

பாப்பாவுக்கு மூன்று வயது முடிவதற்குள் காது குத்திவிட வேண்டும் என்று நாள் பார்த்தோம். என் மனைவி அவனை வீட்டுக்கு வரச்சொல்லி, நாஸ்தா போட்டு, அவன் மூன்றாவது இட்லியைப் பிட்டதும் ஆரம்பித்தாள்.

"முடின்னா மொளச்சிடும்டா. போனாப் போவுதுன்னு வுட்டுட்டேன். காது ஒரு தபாதான். இந்தத் தபா நீ வரலன்னா அண்ணன் மடியிலயே குத்திடுவேன். அதுக்கப்பறம் எனக்கு பொறந்த வூடுன்னு ஒண்ணு இல்லன்னு நெனச்சிக்கிறேன். ஃப்ளெக்ஸ்ல உன்னப் பாத்துக்கிறேன்."

அவன் இட்லியை வாயில் வைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. நான் இவ்வளவு நாளாகச் சொல்லியும் ஏறாதது அக்கா சொல்லி ஏறிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி சட்னி தீர்வதற்குள் போய்விட்டது.

"அக்கா, நான் வர்றது மட்டும் இல்ல. எல்லார் வூட்டு தாய்மாமன் சீரும் மேளத்தோட ரோட்ல வரும். என் சீரு மேலருந்து வரும். இனிமே ஒருத்தன் என்னப் பத்தி பேசக்கூடாது."

"நீ ரோட்லயே வாடா சாமி" என்று அவள் கும்பிட்டாள். அவன் கேட்கவில்லை. ஓனரிடம் பேசினான், எங்கெங்கோ போய் அனுமதிக் காகிதம் வாங்கி வந்து என்னிடம் காட்டினான். நான் அதை மூன்று தடவை படித்தேன். சரியாகத்தான் இருந்தது. கோயிலிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் வறண்ட ஏரி. அங்கிருந்து எழுந்து, கோயிலுக்கு முன்னால் இருக்கிற அறுத்த வயலில் இறங்குவது. கல்பாக்கம் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். கடைசியில் அவள், "எதுல வேணா வா, பத்து மணிக்கு மணையில குந்தியிருக்கணும்" என்று விட்டுக்கொடுத்தாள்.

இப்போது நான் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வேண்டும். அன்று அவனை வாசலில் வழியனுப்பும்போது கேட்டேன்.

"சீர்ல இன்னால்லாம் எடுத்துனு வர?"

"பட்டுப்பாவாட, மால, கம்மல். வெயிட் இல்லாத ஐட்டமா பாத்து வச்சிக்கிறேன் மாமா."

"வாழத்தார் இல்லாம தாய்மாமன் சீரா? எங்க ஆளுங்க கேட்டா நான் மூஞ்ச எங்க வச்சிக்கிறது?"

எங்கள் ஆட்கள் யாரும் கேட்க மாட்டார்கள். வாழைத்தார் என்றால் பயந்துகொண்டு பைக்கில் வந்துவிடுவான் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்து, "ஆமால்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை. ஒன்பதரையிலிருந்து பத்தரை நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம். கோயில் முன்னால் பந்தல், மேளம், பாப்பாவுக்குக் கழுத்து கொள்ளாத நகை. காது குத்துகிற ஆசாரி ஒன்பது மணிக்கே வந்து, "எனக்கு திருக்கழுக்குன்றத்துல இன்னொரு ஃபங்ஷன் கீது சார்" என்று ஆரம்பித்துவிட்டார். ஒன்பதே முக்காலுக்கு ஏரிப் பக்கமிருந்து கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் பந்தலுக்கு வெளியே ஓடினோம். மஞ்சள் குடைக்குக் கீழே மச்சான் தொங்கிக்கொண்டு வந்தான். பட்டு வேட்டியை ஜீன்ஸுக்கு மேல் கட்டியிருந்தான், கழுத்தில் ரோஜா மாலை. வலது பக்கம் ஒரு சின்னப் பை. இடது பக்கம், ஒரு முழு வாழைத்தார்.

"மாமா மேல!" என்று பாப்பா குதித்தாள். மேளக்காரர் அடி பின்னியெடுத்தார். என் மனைவி முகத்தில் நான் மூன்று வருடமாகப் பார்க்காத ஒரு சிரிப்பு. எனக்கும் ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. பிறகு அந்தத் தாரைப் பார்த்தேன்.

இடது பக்கம் அவ்வளவு கனம் இருந்தால் அது இடது பக்கம்தானே இழுக்கும்? வயலில் இறங்க வேண்டியவன் இறங்காமல் இடது பக்கமாகத் திரும்பினான். திரும்பித் திரும்பிக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினான். பார்த்தவர்கள் எல்லாம், அடடா, என்ன பக்தி, சாமியைச் சுற்றிவிட்டு இறங்குகிறான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது சுற்றில்தான் பூசாரி கண்டுபிடித்தார்.

"யோவ், எடமா சுத்துறான்யா! சாமிய போயி எவனாவது எடமா சுத்துவானா? வலமா சுத்தச் சொல்லுங்கய்யா!"

அவ்வளவுதான். கோயிலை வலமாகச் சுற்றுவதுதான் முறை, இடமாகச் சுற்றினால் குடும்பத்துக்கு ஆகாது. இருநூறு பேரும் ஆகாயத்தைப் பார்த்து, "வலமா! வலமா!" என்று கையைச் சுழற்றிக் கத்தினார்கள். இன்ஜின் சத்தத்தில் அவனுக்கு என்ன கேட்கும்? தனக்கு வரவேற்பு கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, வலது கைக் கயிற்றை விட்டுவிட்டு எங்களுக்கு டாட்டா காட்டினான். வலது கயிற்றை விட்டால் குடை இன்னும் வேகமாக இடது பக்கம் திரும்பும். மூன்றாவது சுற்று முதல் இரண்டைவிட விறுவிறுப்பாக நடந்தது. பூசாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது போல. தாரை அவிழ்க்கப் பார்த்தான், முடிச்சு இறுகிவிட்டிருந்தது. அதனால் பழங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கீழே போட ஆரம்பித்தான். ஒரு பழம் பந்தல் மேல் விழுந்தது. ஒன்று நாயனக்காரர் தோளில். ஒன்று ட்ரோன்காரர் காரின் கண்ணாடியில் விழுந்தது. அது குறிபார்த்துப் போட்டது என்று அவர் இன்றும் சொல்கிறார். அடுத்த பழம் கையிலிருந்து நழுவி, பின்னால் சுற்றிக்கொண்டிருந்த விசிறிக்குள் போய்விட்டது. படபடவென்று ஒரு சத்தம், அப்புறம் வானத்திலிருந்து வாழைப்பழம் பஞ்சாமிர்தமாக இறங்கியது. முன்வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் முகத்தில் கொஞ்சம் கிடைத்தது. இன்ஜின் நின்றது. திடீரென்று அவ்வளவு அமைதி.

அந்த அமைதியில் மச்சானின் குரல் மட்டும் கேட்டது. "அக்கா, பாப்பாவ தள்ளி புட்சிக்கோ!"

கோயில் ஆலமரத்தில் வந்து சேர்ந்தான். இறங்கினான் என்று சொல்ல முடியாது. குடை மரத்தின் தலையில் முக்காடு போட்டதுபோல் விரிந்துகொண்டது. இவன் ஒரு கிளைக்குக் கீழே, கால் என் இடுப்பு உயரத்தில் தொங்க, ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தான். ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளை வேண்டிப் பெண்கள் தொட்டில் கட்டிவிட்டுப் போகிற மரம் அது. நாலு வருடத்துக்கு முன் என் மனைவி கட்டிய சின்ன மரத்தொட்டில் அவன் தலைக்குப் பக்கத்திலேயே ஆடியது.

மணி பத்து. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வார் எல்லாம் அவன் எடையில் இறுகிவிட்டதால் கழற்ற முடியவில்லை. முதுகில் விசிறி வேறு. கயிற்றை வெட்டலாம் என்று ஒருவர் அரிவாளோடு வந்தார். "கயித்த வெட்டாதீங்க, ஓனரு என்ன வெட்டிடுவாரு!" என்று மேலிருந்து அலறினான். டெம்போவை அடியில் விடலாம் என்றால் நாகக்கல் மேடை தடுத்தது. ஒருவர் ஜேசிபிக்கு ஃபோன் போட்டார். வரும், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆசாரி பையை மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டினார். பத்தேகாலுக்குப் பூசாரி வந்தார். "இன்னும் கால் மணி நேரம்தாம்மா கீது. அப்பறம் ராகு காலம். யார் மடின்னு முடிவு பண்ணு."

ட்ரோன்காரர் மெல்லப் போய் மணையில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கெட்ட மனிதர் இல்லை. வேலை நடக்க வேண்டுமே என்ற எண்ணம்தான். "வா தங்கச்சி, புள்ளயக் குடு. நேரம் ஆவுது."

மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தவன் இதைப் பார்த்தான். ரோஜா மாலை ஒரு பக்கம் அறுந்து தொங்கியது.

"டைமுக்கு வந்துட்டேன்லக்கா" என்றான். "வந்துட்டேன்ல."

என் மனைவி மணையைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். எனக்கு அந்த நேரத்தில் அவன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தத் தாரை அவன் தோளில் ஏற்றிவிட்டவன் நான்தான். அதைச் சொல்லத் தைரியம் வராமல் வாய்க்குள்ளேயே முழுங்கிக்கொண்டு நின்றேன். அவள் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக மரத்தடிக்குப் போனாள்.

"இன்னாங்க, ஒரு ஸ்டூல் எடுத்துனு வாங்க. ஆசாரி, நீங்களும் வாங்க."

அதன் பிறகு நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. கிளையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். வார்களை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். பெட்ரோல் மூடியை மூன்று தடவை பார்த்தேன். "பெட்ரோல் கீது, கற்பூரம் யாரும் கொளுத்தக் கூடாது!" என்று கத்தி, தீபாராதனைத் தட்டோடு வந்த பூசாரியைப் பத்தடி தள்ளி நிறுத்தினேன். அவர் அங்கிருந்தே, மணை இல்லாமல் செய்தால் செல்லாது என்றார். அப்போது ட்ரோன்காரர் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த மணையை எடுத்துவந்து, மச்சானின் இருக்கைக்கு அடியில் செருகினார். "குந்துடா ஒழுங்கா" என்று மட்டும் சொன்னார்.

பாப்பாவைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன். மாமா மேலே இருக்கிறவர் என்று பேச ஆரம்பித்த நாளிலிருந்து நம்பிவந்தவளுக்கு, தானும் மேலே போய்விட்டதில் அப்படி ஒரு சந்தோஷம். ஆசாரி ஸ்டூலில் ஏறி, காதில் புள்ளி வைத்து, கம்பியை எடுத்தார். எடுத்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஆடறாரு சார். ஆடற காதுல எப்டி குத்தறது?"

என் மனைவி கீழே நின்று அவனுடைய இரண்டு கால்களையும் சேர்த்து மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் நின்றது.

"கால வுட்றாதக்கா."

"நான் எப்படா வுட்டேன்."

ஆசாரி குத்தினார். பாப்பா அழவில்லை. வீல் என்று கத்தியது மச்சான்தான். கடலுக்கு மேல் கையை விட்டுப் பறக்கிறவன், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குழந்தையின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான். பாப்பா அவனைத் தட்டிக்கொடுத்து, "இன்னொண்ணு மாமா" என்று மற்றக் காதைக் காட்டினாள். அவன் சட்டைப் பையில் ஊக்கு குத்திப் பத்திரமாக வைத்திருந்த கம்மலை எடுத்துப் போட்டபோது மணி பத்து இருபத்தெட்டு. நான் கடிகாரத்தை மூன்று தடவை பார்த்தேன்.

ஜேசிபி பதினொன்றுக்கு வந்துவிட்டது. பூசாரி விடவில்லை. ராகு காலத்தில் எந்தக் காரியமும் தொடங்கக் கூடாது, தரையில் கால் வைப்பதும் காரியம்தான், பன்னிரண்டுக்கு மேல் இறங்கட்டும் என்றார். அவனை அங்கேயே தொங்கவிட்டு, ஸ்டூல் மேல் இலை வைத்து, கேசரியும் வடையும் ஊட்டினோம். வாழைப்பழம் வேண்டாம் என்றான். பந்தி நடந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள். "குத்தியாச்சேம்மா, கால வுட்டுட்டு வந்து சாப்டு" என்று எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். என் மனைவி வரவில்லை. பன்னிரண்டு மணிவரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இறங்கியதும் முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு கோயிலை மூன்று தடவை வலமாகச் சுற்றவைத்தாள்.

சர்ச்சை ஓயவில்லை. மணை தரையில் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. மடி மடிதான் என்று ஒரு கட்சி. ட்ரோன்காரர் அன்று மரத்துக்கு மேலே நிறுத்திவைத்திருந்த ட்ரோனின் வீடியோவைப் போட்டுப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தோம். மேலேயிருந்து எடுத்ததில் மஞ்சள் குடைத்துணிதான் தெரிகிறது. மச்சான் தெரியவில்லை, பாப்பா தெரியவில்லை, ஆசாரியும் இல்லை. துணியின் ஓரத்தில் என் மனைவி மட்டும் எதையோ இறுக்கி அணைத்துக்கொண்டு நிற்கிறாள்.

மச்சான் இன்னும் பறக்கிறான். லைட் ஹவுஸ் கதையை மட்டும் இப்போது எடுப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்த வீடியோவைப் போடச் சொல்லி, துணியின் அந்த ஓரத்தையே பார்ப்பான். போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ அவனைச் சீண்டுவதற்காக, எவ்வளவு உயரம்தான் போயிருக்கிறாய், உண்மையைச் சொல் என்று கேட்டார்கள். ட்ரோன்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

அவன் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "எங்கக்கா கைக்கு எட்டற ஒசரம்."